நன்றாக இல்லையாம்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் மகள் வீட்டில் ஒரு படம் பார்த்துக் கொண்டிருந்தாள். பதினாறு வயதுப் பெண். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக் கொண்டு, பக்கத்தில் வைத்த காப்பி ஆறி ஆடை படிந்து போனதுகூடத் தெரியாமல் பார்த்தாள். அமெரிக்காவில் எடுத்து உலகமெல்லாம் ஓட்டுகிறார்களே, 'ஸ்டார் வார்ஸ்' என்ற படவரிசை, அதில் 2017ஆம் வருஷம் வெளிவந்த 'தி லாஸ்ட் ஜெடை' என்ற படம் அது. முடிவில், லூக் ஸ்கைவாக்கர் என்ற பழைய வீரன் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, அஸ்தமிக்கிற இரண்டு சூரியன்களைப் பார்த்தபடியே காற்றோடு கலந்து மறைந்து போகிறான். அந்த இடத்தில் அவள் மூக்கை உறிஞ்சிய சத்தம் அடுத்த அறையில் எழுதிக் கொண்டிருந்த எனக்குக் கேட்டது.

"எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"ரொம்ப நன்றாக இருந்தது, அப்பா" என்றாள். கண் இன்னும் ஈரமாகவே இருந்தது.

மறுநாள் காலை தோசை சாப்பிடும்போது, கையில் செல்போனை வைத்துக் கொண்டு, நான் கேட்காமலே சொன்னாள்: "அந்தப் படம் நன்றாக இல்லையாம், அப்பா."

"யார் சொன்னது?"

"எல்லோருந்தான் சொல்கிறார்கள். ஸ்டார் வார்ஸையே குட்டிச்சுவராக்கி விட்டார்களாம்."

"நேற்று ராத்திரி நீ அழுதாயே?"

அவள் முகம் சிவந்து விட்டது. "அது... விவரம் தெரியாமல் அழுதுவிட்டேன்" என்றாள்.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணம் அந்தக் கடைசி வாக்கியந்தான்.

தமிழில் இந்த 'ஆம்' என்பது ஓர் அருமையான விகுதி. "ஒரே ஓர் ஊரில் ஒரு ராஜாவாம்" என்று பாட்டி கதை ஆரம்பிக்கும்போது, "நான் அந்த ராஜாவைப் பார்த்ததில்லை, கேட்டதைச் சொல்லுகிறேன்" என்று அந்த இரண்டே எழுத்துக்குள் ஒப்புக் கொண்டு விடுகிறாள். அது நாணயமான விகுதி. ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு. கண்ணால் கண்டதற்கு யாரும் 'ஆம்' போடுவதில்லை. தன் வீட்டில் மழை பெய்து நனைந்தவன் "மழை பெய்ததாம்" என்று சொன்னால் அவனுக்கு மூளைக் கோளாறு என்போம். என் மகளோ தான் பார்த்த படத்துக்கு, தான் விட்ட கண்ணீருக்கு, 'ஆம்' போடுகிறாள்! அவளுடைய சொந்த அனுபவத்தை அவளிடமிருந்தே யாரோ பறித்துக் கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு வதந்தியைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

யார் அந்த 'எல்லோரும்'? நான் கேட்கிற கேள்வி இது ஒன்றுதான்.

சமாசாரம் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் லூகாஸ் என்ற அமெரிக்க டைரக்டர் 1977ஆம் வருஷம் முதல் படத்தை எடுத்தார். நட்சத்திர மண்டலங்களுக்கிடையே நடக்கும் யுத்தக் கதை. பார்க்கப் போனால் நம் இதிகாசங்களின் ஒன்றுவிட்ட சகோதரன். 1983க்குள் மூன்று படங்கள், 1999 முதல் 2005 வரை மூன்று. 2012ல் டிஸ்னி கம்பெனி சுமார் 400 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தை வாங்கிய பிறகு, 2015 முதல் 2019 வரை இன்னும் மூன்று. இடையில் கிளைக்கதைப் படங்கள், தொடர்கள். தகப்பன் பார்த்ததை மகனும், மகன் பார்த்ததைப் பேரனும் பார்த்து வளர்ந்த வரிசை.

இதில் எட்டாவதாக வந்ததுதான் என் மகள் பார்த்த படம். எழுதி டைரக்ட் செய்தவர் ரயன் ஜான்சன். முதல் மூன்று படங்களில் கதாநாயகனாக வந்த லூக், இதில் மனம் கசந்து, ஒரு தீவில் ஒதுங்கிக் கிடக்கிறான். யாரோ தேடி வந்து அவனுடைய பழைய வாளைக் கையில் கொடுத்தால், அதைத் தோளுக்குப் பின்னால் வீசி எறிகிறான். இது பலருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் போவது அவர்களுடைய உரிமை. லூக்காக நடித்த மார்க் ஹாமிலே, தம் பாத்திரம் எழுதப்பட்டிருந்த விதம் தமக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, டைரக்டர் கேட்டபடி உயிரைக் கொடுத்து நடித்தும் தந்தார். அது கௌரவமான கருத்து வேற்றுமை. அதை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால், "ஜனங்கள் படத்தை நிராகரித்து விட்டார்கள்" என்று ஒரு பேச்சு கிளம்பி, உலகம் முழுவதும் பரவி, என் வீட்டுத் தோசைத் தட்டு வரைக்கும் வந்திருக்கிறதே, அதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறேன்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை முடித்துக் கொண்டவன். பெரிய கணக்கெல்லாம் எனக்கு வராது. வருகிற கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். படத்தின் உலக வசூல் சுமார் 133 கோடி டாலர். டிக்கெட் ஒன்றுக்குப் பத்து டாலர் என்று தாராளமாக வைத்துக் கொண்டாலும் 13 கோடி டிக்கெட். ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை பார்த்ததையெல்லாம் கழித்தாலும் எத்தனை கோடிப் பேர் மிஞ்சுவார்கள்! இவர்களில் இணையத்தில் ஏறி ஒரு வரி எழுதியவர்கள் எத்தனை பேர்? லட்சக் கணக்கில் என்றே வைத்துக் கொள்ளுங்கள். கோடிக்கும் லட்சத்துக்கும் உள்ள தூரம் பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரியும். பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் மறந்து விடுகிறது!

'ராட்டன் டொமேட்டோஸ்' என்று ஓர் இணையதளம். விமர்சகர்களின் தீர்ப்பை ஒரு பக்கத்திலும், பார்வையாளர் தீர்ப்பை ஒரு பக்கத்திலும் சதவிகிதமாகப் போடுவார்கள். இந்தப் படத்துக்கு விமர்சகர்கள் பக்கம் 90ஐ ஒட்டி நின்றது. பார்வையாளர் பக்கம் 40 சொச்சத்துக்கு இறங்கிற்று. "பார்த்தீர்களா! ஜனங்கள் வேறு, மேதாவிகள் வேறு!" என்று கொக்கரித்தார்கள். அந்த நாளில் அங்கே மார்க் போடுவதற்குப் படம் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. பெயரைப் பதிந்துகொண்டால் போதும். 2019ல்தான் அந்தத் தளம் விழித்துக் கொண்டது. படம் வெளிவருவதற்கு முன்பே அபிப்பிராயம் எழுதுவதை நிறுத்தியது. டிக்கெட் வாங்கினவர்கள் என்று சரிபார்த்தவர்களின் மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டத் தொடங்கியது.

'சினிமாஸ்கோர்' என்று இன்னொரு நிறுவனம் இருக்கிறது. வெளியான அன்றே தியேட்டர் வாசலில் நின்று, படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் சீட்டுக் கொடுத்துக் கேட்பார்கள். இதே படத்துக்கு அங்கே கிடைத்தது 'ஏ' என்ற உயர்ந்த வகுப்பு. அதுவும் முழு உண்மை ஆகிவிடாது; முதல் நாளே ஓடி வருகிறவன் ஆசையோடு வருகிறவன். ஆனால் அவன் காசு கொடுத்துப் படத்தைப் பார்த்தவன் என்பதாவது நிச்சயம்.

"அந்த 40 சதவிகிதத்தில் மோசடி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை என்று ராட்டன் டொமேட்டோஸ்காரர்களே சொன்னார்களே?" என்று யாராவது கேட்கலாம். ஆமாம், சொன்னார்கள். நானும் மோசடி என்று சொல்லவில்லை. கள்ள ஓட்டு விழவில்லை என்றால், ஊர் முழுவதும் ஓட்டுப் போட்டது என்று அர்த்தமா? கோபம் வந்தவன் படியேறி வந்து ஓட்டுப் போடுகிறான். பிடித்திருந்தவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான். சுமாராகப் பிடித்தவனோ மறுநாள் ஆபீஸுக்குப் போய்விடுகிறான். வந்தவர்களை மட்டும் எண்ணி "ஊரே வந்தது" என்பது மோசடி அல்ல. ஆனால் அது பொய்.

இந்தப் பொய் எப்படி வளர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இணையத்தில் எதற்கு அதிகம் பதில் வருகிறதோ, அதைத்தான் எல்லோர் கண்ணிலும் படும்படி முன்னே தள்ளுகிறார்கள். "படம் நன்றாக இருந்தது" என்று ஒருவன் எழுதினால் அதற்கு என்ன பதில் சொல்லுவது? "சரி" என்பதோடு முடிந்தது. "இந்த டைரக்டர் என் பால்யத்தைக் கொன்றுவிட்டான்" என்று எழுதினால், ஆதரித்து நூறு பேர், எதிர்த்து நூறு பேர். சண்டை பெரிதாகப் பெரிதாக அந்த ஒருவன் ஓராயிரமாகத் தெரிகிறான். இதைப் படமெடுத்துப் பேசிக் காசு சம்பாதிக்கிறவர்கள் வேறு உண்டு. பார்க்கிறவர்களின் எண்ணிக்கைக்குத் தக்கபடி விளம்பரப் பணம் வருகிறது. வாரா வாரம் கோபப்பட்டால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பெரியும் என்றால், கோபத்துக்கு எப்படி ஐயா பஞ்சம் வரும்? கடைசியில் பத்திரிகை நிருபர் வருகிறார். அங்கே பொறுக்கின ஐந்து வசைகளை வரிசையாக வைத்து, "ரசிகர்கள் கொந்தளிப்பு" என்று தலைப்புப் போடுகிறார். வதந்தி செய்தியாகிவிட்டது! இனி அதற்கு 'ஆம்' கூட வேண்டியதில்லை.

இந்தக் கூச்சலைச் சல்லடை போட்டுப் பார்த்த ஓர் ஆராய்ச்சியும் உண்டு. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டன் பே என்பவர் 2018ல் வெளியிட்டது. ட்விட்டரில் டைரக்டர் ஜான்சனை நேரே விளித்து எழுதிய 967 கணக்குகளை அவர் எடுத்துக் கொண்டார். அவற்றில் வெறுத்து எழுதியவை 206. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்! அந்த 206ல் 11 மனிதர்களே அல்ல, இயந்திரங்கள். 61 பேர் சினிமாவைச் சாக்காக வைத்து அரசியல் பேசியவர்கள். 33 முகமூடிகள்; வம்புக்கென்றே திரிகிறவை. அந்த முகமூடிகளில் ரஷ்யாவைச் சேர்ந்தவை போல அவருக்குத் தோன்றியவை 16.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. படத்தை ஆதரித்த கோஷ்டி இந்த ஆராய்ச்சியைத் தூக்கிக் கொண்டு ஆடிற்று. படத்தை வெறுத்தவர்களில் பாதிப் பேர் ரஷ்யக் கூலிகள் என்கிற மாதிரி பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. ஆராய்ச்சி சொன்னது 206க்கு 16. தலைப்புச் சொன்னது பாதி! நான் இரண்டு கோஷ்டியிலும் சேராதவன். ஆகவே கேட்கிறேன்: இயந்திரம், அரசியல், முகமூடி எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சுகிற 101 பேரை என்ன செய்தீர்கள்? படத்தைப் பார்த்து, ஆற அமர யோசித்து, "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொன்னவர்களும் அவர்களில் இருந்திருப்பார்களே! முந்திய படம் 200 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, இது அதில் மூன்றில் ஒரு பங்கு குறைவாக வசூலித்தது என்பதும் உண்மைதானே? மெய்யாகவே மனம் வருந்தியவனை ஒரு கூட்டம் தன் கூச்சலுக்குத் துணையாக இழுத்துக் கொண்டது. இன்னொரு கூட்டம் அவனை அந்நியக் கூலி என்று வைதது. இரண்டு பேரும் சேர்ந்து அவன் குரலை அமுக்கினார்கள். கூச்சல் பாராட்டை மட்டும் கொல்லவில்லை. நேர்மையான கண்டனத்தையும் சேர்த்துத்தான் கொல்கிறது.

படம் என்றால் வெறும் செல்லுலாய்டு, கம்பெனி என்றால் கோடீஸ்வரன். இவர்களுக்காக நீ ஏன் வயிற்றெரிச்சல் படுகிறாய் என்று கேட்பீர்கள். அந்தக் கம்பெனியின் லாப நஷ்டத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. மனிதர்களைப் பற்றித்தான் கவலை.

1999ல் வந்த 'தி ஃபாண்டம் மெனஸ்' படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பாத்திரத்துக்கு உடலும் குரலும் கொடுத்தவர் அகமத் பெஸ்ட் என்ற இளைஞர். பாத்திரம் பிடிக்காதவர்கள் அந்த மனிதர்மேல் பாய்ந்தார்கள். பத்தொன்பது வருஷம் கழித்து, 2018ல், அவர் ஒரு பாலத்தின் அருகே தம் மகனோடு நிற்கும் படத்தைப் போட்டு, அந்த நாளில் உயிரை விட்டுவிடலாம் என்று தாம் வந்து நின்ற இடம் இது என்று சொன்னார். ஒரு கோமாளி வேஷத்துக்கு இவ்வளவு தண்டனையா?

நான் சொன்ன 2017ஆம் வருஷத்துப் படத்தில் ரோஸ் என்ற பாத்திரத்தில் நடித்தவர் கெல்லி மேரி டிரான். வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்த பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பெண். இந்தப் படவரிசையில் முக்கிய வேடம் ஏற்ற முதல் ஆசிய வம்சாவளிப் பெண் அவர். அவருடைய நிறத்தையும் உடம்பையும் இனத்தையும் இழுத்து மாதக் கணக்கில் வைதார்கள். 2018 ஜூனில் அவர் தம் இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்த பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டு ஒதுங்கினார். ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பிறர் தம்மைப் பற்றிச் சொன்னதைத் தாமே மெல்ல மெல்ல நம்பத் தொடங்கிவிட்ட கொடுமையை அதில் சொல்லியிருந்தார்.

வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். "விவரம் தெரியாமல் அழுதுவிட்டேன்" என்று என் மகள் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அளவுதான் வித்தியாசம், வியாதி ஒன்றே. வெளியிலிருந்து வருகிற கூச்சல் ஒரு நாள் உள்ளே குடியேறி, நம் குரலிலேயே பேச ஆரம்பிக்கிறது.

அடுத்தது 2019 டிசம்பரில் 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' வந்தது. டைரக்டர் வேறு, ஜே.ஜே. ஆப்ரம்ஸ். முந்திய படம் திறந்து வைத்த கதவுகளை இது ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு போயிற்று. ரோஸ் மொத்தம் ஒன்றேகால் நிமிஷந்தான் திரையில் தெரிந்தாள் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். காலமான கேரி ஃபிஷரின் பழைய படச்சுருளோடு இணைத்துச் செய்த காட்சிகள் சரியாக அமையவில்லை, அதனால் குறைந்து போயிற்று என்று படத்தை எழுதியவர் விளக்கம் சொன்னார். அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் படத்தைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தோன்றிற்று. கதை சொல்லுகிறவன் கதையைப் பார்க்காமல் கூட்டத்தின் முகத்தையே பார்த்துப் பார்த்துச் சொன்ன கதை அது. சரி, அதனால் கூட்டமாவது பெருகிற்றா? 133 கோடியிலிருந்து 107 கோடிக்கு இறங்கிற்று.

இதை நான் மேடையில் ஏறி நின்று சொல்லவில்லை. குற்றவாளிக் கூண்டில் நின்று சொல்லுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிய தொடர்கதையில் ஒரு வாலிபனுக்குக் கடுமையான நோய் வந்தது. அவன் சாக வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கதையே. "அவனைக் கொன்றால் பத்திரிகையை நிறுத்திவிடுவோம்" என்று நாற்பது கடிதங்கள் வந்தன. ஆசிரியர் அவற்றைக் கட்டாக என் மேஜையில் வைத்து, "ஜனங்கள் விரும்பவில்லை" என்றார். பல்லாயிரம் பேர் படிக்கிற பத்திரிகைக்கு நாற்பது கடிதம்! நான் பயந்தேன். அவனைப் பிழைக்க வைத்தேன். கல்யாணமும் செய்து வைத்தேன். பிறகு ஒரு புத்தகக் கண்காட்சியில் ஒரு அம்மாள் என்னிடம் வந்து, "ஏன் சார் அந்தப் பையனைப் பிழைக்க வைத்தீர்கள்? என் தம்பி பிழைக்கவில்லையே. எனக்காகத்தான் எழுதுகிறீர்கள் என்று நினைத்துப் படித்தேன்" என்றார். "அப்போதே ஒரு கடிதம் போட்டிருக்கலாமே, அம்மா?" என்றேன். "எங்களைப் போன்றவர்கள் எங்கே சார் கடிதம் போடுகிறோம்!" என்றார்.

அந்த அம்மாள்தான் ஜனங்கள். நான் நாற்பது கடிதங்களுக்குப் பயந்து அவருக்குத் துரோகம் செய்தேன்.

"அப்படியானால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்கிறீரா?" என்று என்மேல் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். தாராளமாகத் திறக்கட்டும். 1980ல் இந்த வரிசையின் இரண்டாவது படம் வந்தபோது, 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் வின்சென்ட் கேன்பி அதைப் பிடிக்கவில்லை என்று எழுதினார். தம் பெயரைப் போட்டு, காரணங்களைச் சொல்லி எழுதினார். எந்த நடிகரையும் பாலத்துக்கு விரட்டவில்லை. அதே படத்தைத்தான் பிற்பாடு வரிசையிலேயே சிறந்தது என்று பலரும் கொண்டாடினார்கள். கேன்பி தவறினார் என்று நான் சொல்லவில்லை. அவரும் பேசினார், காலமும் பேசிற்று. கேட்பதற்கு அவகாசம் இருந்தது என்கிறேன். 2005ல் பலத்த கேலிக்கு ஆளான வரிசையைச் சேர்ந்ததுதான் 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' படமும். 2025 ஏப்ரலில் அதைத் திரும்ப வெளியிட்டபோது அமெரிக்காவில் மூன்றே நாளில் சுமார் இரண்டரைக் கோடி டாலர் வசூலாயிற்று. அகமத் பெஸ்டும் 2023ல் இதே கதையுலகின் தொடர் ஒன்றில் ஒரு வீரனாக வந்து நின்றார். ரசிகர்கள் ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். சிறுவயதில் அந்தப் படங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள் என்பதைத் தவிர இதில் வேறு மாயம் என்ன? அந்தக் குழந்தைகள் 1999லும் இருந்தார்கள். அவர்களை யாரும் எண்ணவில்லை.

கண்டனம் என்பது ஒரு மனிதன் தன் பெயரோடு, தான் கண்டதைப் பற்றி, காரணத்தோடு சொல்லுவது. கூச்சல் என்பது பெயரில்லாமல், காணாததைப் பற்றி, எல்லோர் பெயராலும் போடுவது. முதலாவது இல்லாமல் கலை வளராது. இரண்டாவதற்கு 'ஜனங்கள்' என்று பெயர் வைப்பது ஜனங்களுக்கே அவமானம்.

அன்று சாயங்காலம் என் மகளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "அந்தப் படத்தை இன்னொரு தடவை பார், அம்மா. பிடித்திருந்தால் பிடித்தது என்று சொல். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல். உன்னோடு உட்கார்ந்து நானும் சேர்ந்து திட்டுகிறேன். 'நன்றாக இல்லையாம்' என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதே. நீதானே பார்த்தாய்?"